சேலைத்துண்டு கட்டிய கோரை

மாரி மழைக்கு முன் கோரையைப் பார்த்துவிட வேண்டும் என்று புரட்டாசிக் கடைசியில் மன்னாரிலிருந்து புறப்பட்டேன். குளம் நிரம்பினால் கோரையின் தலை மட்டும்தான் தெரியும். பறவை பார்க்கப் போகிறவர்கள் ஆயிரம் பேர். பறவை கூடு கட்டும் கோரையைப் பார்க்க நான் ஒருத்தி போதும்.

காலை ஆறரை பஸ்ஸில் சிலாவத்துறை. அங்கிருந்து மறிச்சுக்கட்டிக்கு நிசாரின் ஆட்டோ. காத்திருப்போடு போய்வர நாலாயிரம் ரூபாய்.

“வில்பத்துக் காட்டுப் பக்கம் ஆக்கள் ஆனை பாக்கத்தான் வாறவ. நீங்க கோரை பாக்கவோ?” என்று நிசார் சிரித்தார்.

“ஓம். ஆனை துரத்தும், கோரை துரத்தாது” என்றேன்.

ஊருக்கு வெளியே ஒரு சிறிய வயற்குளம். நீர் வற்றிய ஓரமெங்கும் இடுப்புயரக் கோரை. தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். கோடையில் மேலே காய்ந்தாலும் சேற்றுக்குள் கிழங்கு உயிரோடு கிடக்கும். முழங்காலளவு தண்ணீர், குழைசேறு, நல்ல வெயில். வேறெதுவும் அது கேட்பதில்லை.

அன்று குளத்தில் தூர் அள்ள, பெக்கோ என்ற மண் தோண்டும் இயந்திரம் வந்து நின்றது. குளக்கட்டின் உட்பக்கக் கோரையிலோ வரிசையாகச் சேலைத்துண்டுகள்! இந்தக் கோரையை அள்ளக்கூடாது என்பதற்கு அடையாளம். கட்டியவர் றஹீமா. கட்டுக்கு நேர்கீழே அவருடைய வயல்.

போரினால் இடம்பெயர்ந்து நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய ஊர் அது. வந்த சந்தோசத்தில் போன வருடம் ஊர்கூடிச் சிரமதானம் வைத்து, கோரையை ஒட்ட அறுத்து, குளத்தை வீட்டு முற்றம் மாதிரிக் கூட்டித் துடைத்திருக்கிறார்கள். மாரியில் வாடைக்காற்று எழுப்பிய அலை கோரையில்லாத குளக்கட்டை அரித்து உடைத்தது. றஹீமாவின் விதைப்பு முழுவதும் மண்ணுக்குள் போனது.

இந்த முறையும் விவசாய அமைப்புத் தலைவர் கோரையை விடுவதாயில்லை. “கிழங்கு வாய்க்காலால வயலுக்குள்ள வந்தா என்ன செய்வாய், புள்ள?”

“வந்தா நான் புடுங்குவன், நானா” என்று தலைவரை அண்ணன் முறை சொல்லி அழைத்தார் றஹீமா. “கட்டு உடைஞ்சா நீங்க வந்து பொத்துவீங்களா?”

பழைய உடைப்பில் அடுக்கிய மண்மூட்டைகள் இன்னும் கிடந்தன. தலைவர் அவற்றையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பெக்கோக்காரரிடம் திரும்பினார்.

“துண்டு கட்டினதத் தொடாதீங்கோ. நடுக்குளத்த அள்ளுங்கோ.”

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. றஹீமாவோ சேற்றில் இறங்கி, தளர்ந்திருந்த ஒரு துண்டை இறுக்கிக் கட்டினார்.

போகிறவர்களுக்கு: தொப்பி, தண்ணீர், சேற்றுக்குப் பழைய செருப்பு. வெள்ளிக்கிழமை வேண்டாம். ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடையுமில்லை, ஆட்டோவுமில்லை. ஆனை வரும் பக்கம், பின்னேரத்துக்குள் திரும்பிவிடுங்கள். படம் எடுக்க வழி வேண்டுமென்று கோரையை மட்டும் மிதித்துவிடாதீர்கள். அதற்குப் பின்னால் கட்டு இருக்கிறது. கட்டுக்குப் பின்னால் றஹீமாவின் நெல் இருக்கிறது.