அழக்கூடாத பூனை

வீட்டில் அவளுக்குச் சித்தி என்றுதான் பெயர். அக்கா மகள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு அக்காவின் கணவர், மாடி வீட்டுக்காரர், சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரை எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அச்சகத்தில் விசிட்டிங் கார்டுகளுக்கு எழுத்தும் படமும் அடுக்கிக்கொண்டிருந்தவள், கைபேசிச் செயலிகள் செய்யும் ஒரு சின்ன அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். திரையில் எந்தப் பொத்தான் எங்கே, என்ன நிறம், என்ன படம் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. நாலு பேர் இருக்கிற அறையில் வாய் திறக்க மாட்டாள். சொல்ல வேண்டியதை வரைந்து காட்டிவிட்டு ஓரமாக நின்றுகொள்வாள்.

அந்த அலுவலகத்தில் ஒவ்வாமைக்கென்று ஒரு செயலி இருந்தது. அது யாருக்கும் புரியவில்லை. குழந்தை என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எத்தனை நிமிடம் கழித்து அரித்தது, அரிப்பு ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுத் துளைக்கும். அக்கா மகளுக்குப் பால் ஆகாது. ஒரு வாய் பட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும். டாக்டர் சொல்லியிருந்ததால் அக்கா தினமும் அந்தச் செயலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"இதை நிரப்பி முடிக்கிறதுக்குள்ள அரிப்பே அலுத்துப்போய் நின்னுடும்டி," என்றாள் அக்கா ஒருநாள். "செஞ்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"செஞ்சது எங்க ஆபீஸ்தான்க்கா."

"தெரிஞ்சுதானே சொல்றேன்."

அந்தப் பேச்சு சித்தியின் மனதில் தைத்துவிட்டது. அலுவலகத்திலும் புகார் குவிந்திருந்ததால், எல்லாருக்கும் புரிகிற மாதிரி மாற்றித் தரச் சொல்லி முதலாளி அவளிடமே அதைத் தள்ளிவிட்டார். அவள் கேள்விகளை எல்லாம் தூக்கி எறிந்தாள். ஒரு குழந்தையின் உடம்பை முன்னும் பின்னுமாக வரைந்தாள். எங்கே அரிக்கிறதோ அங்கே விரலால் தொட்டால் போதும், சிவப்புப் புள்ளி விழும். பக்கத்தில் ஒரு குண்டுப் பூனையை உட்கார வைத்தாள். எதையும் தொடாமல் ஒரு நாள் போனால் பூனை உருண்டு புரண்டு விளையாடும். புள்ளி விழுந்தால் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு அழும். அம்மா தேவையில்லை, குழந்தையே குறித்துக்கொள்ளலாம்.

அக்கா மகளை வீட்டில் வாயாடி என்பார்கள். முதல் நாளே அவள் பூனையை மடியில் வைத்துக் கொஞ்சாத குறை. "சித்தி, இதுக்குப் பசிக்குமா? குளிருமா? நான் ஸ்கூலுக்குப் போனா தனியா இருக்குமா?" என்று குடைந்தெடுத்தாள். அக்காவுக்கு ஒரு வேலை குறைந்தது.

புதிய செயலி வெளியே போனது. கொஞ்ச நாளில் முதலாளி கணினியைத் திருப்பிக் காட்டினார். அரிப்பு வந்ததாகக் குறிக்கிறவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கியிருந்தது.

"பூனை வந்ததும் அலர்ஜி பயந்து ஓடிடுச்சு பாத்தியாம்மா," என்றார். அறையே சிரித்தது. சித்தியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். உள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வாயாடியை டாக்டரிடம் அழைத்துப் போகிற நாளில் அக்கா சித்தியையும் கூட வரச் சொன்னாள். டாக்டரம்மா கைபேசியை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் விளையாடுகிற பூனைதான்.

"ரொம்ப நாளா ஒண்ணுமே இல்ல, நல்லா இருக்கே. அப்ப இன்னைக்கே துளி பால் கொடுத்து, இப்ப ஒத்துக்குதான்னு பாக்கலாம். என் கண்ணு முன்னாடிதான், பயப்படாதீங்க."

நர்ஸ் ஒரு சின்னக் கோப்பையில் பாலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பல நாளாகக் காத்திருந்த அக்காவின் முகம் மலர்ந்தது. சித்தி மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓயாமல் பேசுகிறவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலிக்கு அடியில் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெயிலிலும் முழங்கால் வரை சாக்ஸ்.

"டாக்டர், ஒரு நிமிஷம்," என்றாள் சித்தி. தன் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மண்டியிட்டு சாக்ஸைக் கீழே இறக்கினாள்.

முழங்காலுக்குப் பின்னால் தோல் உரிந்து, சொறிந்து சொறிந்து ரத்தம் கட்டிக் கிடந்தது.

"கொஞ்ச நாளா தானே குளிச்சுக்கறேன்னு அடம்பிடிச்சாளே," என்றாள் அக்கா. டாக்டரம்மா குழந்தையிடம் கேட்டார். "தங்கம், இது எப்பலேர்ந்து இருக்கு? ஏன் போன்ல தொடல?"

"தொட்டா பூனை அழும்."

 சித்தி டாக்டரம்மாவிடமிருந்து கைபேசியை வாங்கினாள்.

"இப்ப தொட்டுக் காட்டு. பூனையை நான் சமாதானப்படுத்திக்கிறேன்," என்று கைபேசியை நீட்டினாள்.

வாயாடி சித்தியின் முகத்தையே பார்த்தபடி மெதுவாகத் தொட ஆரம்பித்தாள். முழங்காலின் பின்புறம், மணிக்கட்டு, இடுப்பு, காதுக்குக் கீழே. புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. பூனை அழுதுகொண்டே இருந்தது. கடைசியாகக் குழந்தையின் விரல் கழுத்தின்மேல் வந்து நின்றது.

"இங்கயும் அரிச்சுதா?" என்றார் டாக்டரம்மா.

"அரிக்கல. உள்ள இறுக்கமா இருந்துச்சு. ஸ்கூல்ல பக்கத்துல இருந்தவ பால் பிஸ்கட் குடுத்தா, அன்னைக்கு. எச்சில் முழுங்க முடியல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. பெஞ்சுல படுத்துட்டேன். அப்புறம் சரியாயிடுச்சு."

அக்கா பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.  டாக்டரம்மா எழுந்து, பால் கோப்பையை எடுத்துக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். பிறகுதான் திரும்பினார்.

"இந்த ஆப்பை வெச்சுக்கிட்டு வெளியில இன்னும் சில பிள்ளைங்க உக்காந்திருக்காங்க. இதுவரைக்கும் பாத்தவங்க போன்லயும் எல்லாமே சுத்தமாத்தான் இருந்துச்சு. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்."

சித்தி வெளியே வந்து முதலாளியைக் கைபேசியில் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். 

"ஒரு குழந்தை பண்ணினதுக்கு எல்லாத்தையும் மாத்துவாங்களா? பூனைதானேம்மா எல்லாருக்கும் பிடிச்சிருக்கு," என்றார் அவர்.

"அதுதான் சார் பிரச்சினை. பிடிச்சதாலதான் பிள்ளைங்க அதை அழ வைக்க மாட்டேங்குதுங்க. அந்தக் கோடு இறங்கினது அரிப்பு குறைஞ்சதால இல்ல. மறைச்சதால. இப்பவே பூனையை எடுங்க. எல்லாருக்கும் செய்தி அனுப்புங்க, குழந்தையோட உடம்பைப் பெரியவங்களே பாக்கணும்னு."

"நாளைக்கு உக்காந்து பேசலாமே."

"இன்னைக்கு ஒரு பிள்ளைக்குப் பாலைக் கையில எடுத்துக் குடுக்க இருந்தாங்க சார்."

 "எங்க பையனும் அதுலதான் குறிக்கிறான்," என்றார் முதலாளி.  "எடுத்துடச் சொல்றேன்." இணைப்பு அறுந்தது.

சித்தி கைபேசியை இறக்கினாள். அவள் நின்ற ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் இரு பக்கமும் பெஞ்சுகள் இருந்தன. அம்மாக்கள், அப்பாக்கள், அவர்கள் மடியில் சாய்ந்திருந்த பிள்ளைகள். எதிரே ஒரு சிறுமி கைபேசியை முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டு உருளுகிற பூனைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

 போன் பேச்சைக் கேட்டு எல்லாரும் தன்னையே பார்ப்பது சித்திக்குத் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமாகவே சொன்னாள்.

"கொஞ்சம் கேளுங்க. அந்தப் பூனையை வரைஞ்சது நான்தான். அதை நம்பாதீங்க. உங்க பிள்ளைங்க சட்டைக் கையைத் தூக்கிப் பாருங்க. சாக்ஸைக் கழட்டிப் பாருங்க. உள்ள போறதுக்கு முன்னாடி பாத்துடுங்க."

 எதிரே இருந்த சிறுமியின் அப்பா, என்ன ஏது என்று புரியாமலே, குனிந்து மகளின் ஷூ கயிற்றை அவிழ்க்கப் போனார்.

சிறுமி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.