பாதி வாடகைக் கார்

இது நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கெஞ்சிக் கூத்தாடி நம்பவைக்க எனக்கு நேரமில்லை. அந்தக் காரில் என் கணவன் டாரல் எனக்கும் சேர்த்து ஒரு பதில் சொன்னான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பதிலுக்கு நான் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகை வாசம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். எனக்கு வந்தது சாயங்காலம் நாலு பத்துக்கு. கண் கூசும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

என் பெயர் ஓடிலியா. பிறந்தது மெக்சிகோ எல்லையிலுள்ள நொகாலஸில். முப்பது வருடமாக அமெரிக்கப் பக்கம், டூசானில் குடித்தனம். டாரல் டூசான்காரன். எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஜென்மம்.

எங்கள் ஊரில் பல் கட்ட வேண்டுமென்றால் எல்லோரும் நொகாலஸுக்குப் போவார்கள். அங்கே தெருவுக்கு நாலு பல் டாக்டர், கூலியும் கால்வாசி. டாரலுக்கு அதுவும் அதிகம். இன்னும் உள்ளே, ஹெர்மொசியோவில், அதைவிட மலிவாக ஒருத்தர் கட்டுகிறார் என்று எங்கேயோ கண்டுபிடித்தான். சொந்த வண்டியை எல்லை தாண்டி ஓட்டினால் அந்த நாட்டு இன்சூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும். அதற்கு மனசு வரவில்லை. வண்டியை இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து போய், அந்தப் பக்கம் மலிவாக ஒரு கார் எடுக்கலாம் என்றான்.

கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லோரிடமும் பேரம். ஒரு இடத்தில் அங்கே இருந்த பெண் சாவியை மேசையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். எனக்கு மானம் போனது. கடைசியில் ரயில் பாதை ஓரம் ஒரு தகரக் கொட்டகை. உரிமையாளர் பெயர் ஃபெர்மின். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மழமழவென்று சவரம் செய்த முகம்.

"அந்த வெள்ளைக் காரு பாதி வாடகைக்குத் தரேன்," என்றார். "ஸ்டீரியோ ரிப்பேரு. அந்த டேப்பை மட்டும் பிரிச்சிராதீங்க."

எட்டிப் பார்த்தேன். ஸ்டீரியோவின் திரை முழுக்கக் கறுப்பு டேப், ஒன்றன்மேல் ஒன்றாக.

"ரிப்பேரான திரைக்கு டேப் எதுக்கு?" என்று ஸ்பானிஷில் கேட்டேன்.

"வெயிலு, சென்யோரா."

கார் நின்றிருந்தது கொட்டகை நிழலில்.

டாரல் என் காதருகே சிரித்தான். "இவனுங்க தில்லாலங்கடி எனக்குத் தெரியாதா? உள்ள மேப்பு, பாட்டு எல்லாம் ஜோரா வேலை செய்யும். மூடி வெச்சுட்டு அதுக்குத் தனியா கறப்பானுங்க. பாரு, நான் எப்படிப் பிரிக்கிறேன்னு."

உலகமே தன் பணப்பையைப் பறிக்கக் காத்திருக்கிறது என்று நினைக்கிறவன் அவன். அந்தப் பையில் பறிக்க என்ன இருந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

ஈமுரிஸ் என்ற ஊரைத் தாண்டியதும் காரை ஓரம் கட்டினான். பேனாக்கத்தியை எடுத்தான்.

"வேணாம் டாரல். அந்த ஆள் சொன்னாரில்ல?"

"சொல்லுவான். அவனுக்கென்ன."

டேப்பைக் கிழித்தான். திரை எரிந்தது. புதுசு போலப் பளிச்சென்று இருந்தது.

"பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா?"

திரையில் ஒரு வரி வந்தது. *இணைக்கப்பட்டது: செலோவின் போன்.*

"யாரு செலோ?" என்றேன்.

"முன்னாடி எடுத்தவளா இருப்பா. பேரு அப்படியே கிடக்கு."

பெயர் கிடக்கலாம். ஆனால் இணைக்கப்பட்டது என்று வராது. அந்தப் போன் காருக்குள் இருந்தால்தான் அப்படி வரும். இறங்கி சீட்டுக்கு அடியில் பார்த்தேன். டிக்கியைத் திறந்தேன். மிதியடியைக் கூட உதறினேன். பழைய பாட்டில் மூடி ஒன்று கிடைத்தது. போன் எதுவும் இல்லை.

டாரல் ஹார்ன் அடித்தான். "புதையல் கிடைச்சுதா?"

சாந்தா அனா தாண்டினோம். இரண்டு பக்கமும் பொட்டல், முள்செடி. எங்கள் இரண்டு போனிலும் சிக்னல் போய்விட்டது.

நாலு பத்து.

மணி அடித்தது... காரின் எல்லா ஸ்பீக்கரிலும்.

திரையில்: *அம்மா.*

டாரல் அணைத்தான். உடனே மறுபடி அடித்தது. அணைத்தான். மறுபடி.

"சிக்னலே இல்லியே, எப்படி வருது?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? எடுத்துத் தொலைச்சாத்தான் நிக்கும்."

"எடுக்காதே..."

எடுத்துவிட்டான்.

முதலில் எண்ணெயில் எதுவோ பொரியும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல். வயதான, பிரியமான குரல். ஸ்பானிஷில் பேசியது.

"கண்ணு, எங்க இருக்கே? சாப்பாடு ஆறிப்போகுது."



"என்னவாம்?" என்றான் டாரல்.

"சாப்பாடு ஆறுதாம். வெச்சுடு டாரல். தயவு செஞ்சு வெச்சுடு."

அவனுக்கு அது தமாஷாகிவிட்டது. கிழவிகளைக் கேலி செய்வதென்றால் அவனுக்கு அல்வா. தனக்குத் தெரிந்த பத்துச் சொல் ஸ்பானிஷில், பெண் குரல் வைத்துக்கொண்டு சொன்னான்: "வரேம்மா! வந்துட்டே இருக்கேன்!"

அந்தப் பக்கம் பொரிவது நின்றது.

"தனியாவா வர்றே?"

நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் 'தனியாவா' என்ற சொல் அவனுக்குத் தெரியும். மதுக்கடையில் பெண்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றது.

"இல்லம்மா. ரெண்டு பேரு!" என்று சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.



"சரி," என்றது குரல். "ரெண்டு தட்டு வைக்கிறேன்."

டங்...

டங்...

மேசையில் தட்டு வைக்கும் சத்தம். பிறகு ஒரு நாற்காலி இழுபட்டது. கிரீச்... இன்னொரு நாற்காலி. கிரீச்...

அழைப்பு முடியவில்லை.

டாரல் அணைத்துப் பார்த்தான். முடியவில்லை. காரை நிறுத்தி சாவியை உருவினான். திரை எரிந்துகொண்டே இருந்தது.

யாரோ உட்கார்ந்து காத்திருக்கிற மூச்சு.

காரெல்லாம் வறுத்த மிளகாய் நெடி.

டாரலின் முகம் வெளுத்திருந்தது. பேனாக்கத்தியால் ஸ்டீரியோவை நெம்பி, பின்னாலிருந்த வயர்களை மொத்தமாக அறுத்தான். திரை இருண்டது.

அதற்கப்புறமும் ஒரு சத்தம் வந்தது...

டங்.

கரண்டி.

ஹெர்மொசியோவில் பல் கட்டினான். மறுநாள் நொகாலஸுக்கு வந்து காரைத் திருப்பிக் கொடுத்தோம்.

அறுந்து தொங்கிய வயர்களைப் பார்த்த ஃபெர்மின் கோபப்படவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"யாரு பேசினது?"

"அவருதான்."

"எத்தனை பேருன்னு சொன்னாரு?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நஷ்டஈடு எதுவும் கேட்கவில்லை. டாரலுக்கு அதில் தலைகால் புரியவில்லை. ஊருக்கு வந்ததும் வராததுமாக, மெக்சிகோக்காரனையே ஏமாற்றிவிட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டினான். பயந்ததை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் செத்துப்போனான்.

மளிகைக் கடை வாசலில், தன் வண்டிக்குள் உட்கார்ந்தபடி. சீட் பெல்ட் போட்டிருந்தான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவனுக்கு இதயம் என்று ஒன்று இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவன் சட்டையை என்னிடம் கொடுத்தார்கள். அதில் வறுத்த மிளகாய் நெடி அடித்தது.

அழவில்லை. அவனைப் புதைத்த மறுநாளே நேராக நொகாலஸுக்குப் போனேன். கொட்டகையில் அந்த வெள்ளைக் கார் இல்லை.

"ஃபீனிக்ஸ்லேர்ந்து ஒரு ஜோடி வந்து எடுத்துட்டுப் போயிருக்கு," என்றார் ஃபெர்மின். "உக்காருங்க."

"உக்கார வரலை. யாரு அந்தச் செலோ?"

"என் பொண்ணு. கூப்பிடுறது அவளோட அம்மா. என் சம்சாரம். செத்து அஞ்சு வருஷமாச்சு."

மனைவி போன அடுத்த வருடம், மகளும் மருமகனும் அந்தக் காரில் போகும்போது முதல் அழைப்பு வந்ததாம். செலோ உறைந்துபோய் உட்கார்ந்திருக்க, மருமகன் விளையாட்டாக எடுத்து, ரெண்டு பேரும் வரோம் அத்தை என்றானாம். அவன் முதலில் போனான். பிறகு செலோ. அவளோடு அந்தப் போனையும் குழியில் வைத்து மூடியதாகச் சொன்னார். இரண்டு முறை ஸ்டீரியோவை மாற்றியும் புதிதிலும் அதே பெயர்தான் வந்ததாம்.

"அப்புறம் எதுக்கய்யா அதை வாடகைக்கு விடுறீங்க? கொளுத்த வேண்டியதுதானே?"

"அவளுக்குத் தனியா சாப்பிடப் பிடிக்காது, சென்யோரா. யாரும் போகலைன்னா என்னைக் கூப்பிடுவா."

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"அப்போ அந்த டேப்பு?"

"பிரிக்காதேன்னு சொல்றேன். பிரிக்கிறது அவங்க." கையைத் துடைத்துக்கொண்டார். "பாதி வாடகைக்கு அலையறவங்க எப்படியும் பிரிச்சிடுவாங்க. பாவம் என்னைச் சேராது."

டாரல் அற்பன்தான். ஆனால் இப்படி ஒரு அற்பனை நான் பார்த்ததில்லை. மனைவிக்குப் பயந்து ஊரான் வீட்டு உயிரை அனுப்பிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருக்கிற ஆள். முகத்தில் காறித் துப்பினேன். அவர் கோபப்படாமல் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். பழகியவர் போலிருந்தார்.

வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் சொல்லலையே. சொன்னது அவருதானே. நான் போகலைன்னா?"

ஃபெர்மின் கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"செலோவும் இதையேதான் கேட்டா," என்றார்.