சித்தப்பாவின் வலது சப்பாத்து

இதை எழுதாமலே விட்டிருப்பேன். சின்ன வயதுக் கூட்டாளி கார்த்திக்குக்கு ஒரு மெசேஜ் போட்டால் முடிகிற விஷயம் என்றுதான் நினைத்தேன். போட உட்கார்ந்தால் அது நீண்டுகொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் நான் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியதாக எந்த ஆசிரியரும் சாட்சி சொல்லமாட்டார். பதினோராம் வகுப்போடு அவர்களுக்கும் எனக்கும் ஓய்வு கிடைத்துவிட்டது. ஆகவே இதில் பிழை இருந்தால் அது சித்தப்பாவின் பிழை.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது மன்னாரிலிருந்து வந்து, மெல்பேர்னின் ஓரத்தில் வெரிபீயில் எங்கள் வீட்டின் பின்னறையில் குடியேறினார். கோழி இறைச்சி பொதி செய்யும் இடத்தில் வேலை கிடைத்தது. முதற் சம்பளம் வந்த சனிக்கிழமை, குளிர் ஜாக்கெட் வாங்கிவரச் சொல்லி அப்பா அவரைக் கடைக்கு அனுப்பினார். அவர் ஒரு சப்பாத்துப் பெட்டியோடு திரும்பி வந்தார்.

கணுக்காலை மூடுகிற உயரம். சிவப்பும் கறுப்பும். அடிப்பகுதி மட்டும் பால் வெள்ளை. அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது காலில போடுறதோ, அலுமாரியில வைக்கிறதோ?"

"ரெண்டும்தான் அண்ணி."

உண்மையிலேயே இரண்டும்தான். வேலையால் வந்ததும் பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து அதைத் துடைப்பார். பக்கத்தில் போனில் ராப் ஓடும். அவருடைய ஆங்கிலம் முழுவதும் அங்கிருந்து வந்ததுதான். அதனால் வங்கியில் இருந்த பெண்ணிடமும், பூசை வைத்த ஃபாதரிடமும் அவர் ஒரே மாதிரித்தான் பேசினார். கறுப்பினப் பாடகர்களின் வீடியோக்களை நிறுத்தி நிறுத்தி எனக்குக் காட்டுவார். பாட்டைவிட அவர்கள் உடுத்த விதமும் நடந்த விதமும்தான் அவருக்கு முக்கியம்.

"பாரடா, ரோட்டு தங்கட ரோட்டு எண்ட மாதிரி நடக்கினம். கையில ஒண்டும் இல்லாத காலத்தில, இருந்ததை வச்சுச் செய்த ஸ்டைல் இது. காசு குடுத்து வாங்கினதில்ல."

"நீங்கள் காசு குடுத்துத்தானே வாங்கினீங்கள்?"

"வாயை மூடிக்கொண்டு பார்."

ஞாயிறுகளில் எங்கள் தெருமுனைக் கூடைப்பந்து மைதானத்தில் தென்சூடான் அண்ணன்மாரோடு விளையாடுவார். ஆறரை அடி உயரக்காரர்களுக்கு நடுவே சித்தப்பா தொப்பி போட்ட தண்ணீர்ப் போத்தல் மாதிரி இருப்பார். துள்ளவே மாட்டார். ஆனால் பந்தை எங்கே கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர்கள் அவரைத் தங்கள் பக்கம் எடுக்கச் சண்டை பிடிப்பார்கள்.

அதற்கும் மேலே அவருடைய நடை. இடது காலை நேராக வைப்பார். வலது கால் வரும்போது தோள் லேசாகச் சரிந்து, ஒரு தாளம் தவறி, மறுபடி எழும்பும். வீடியோவில் இருந்தவர்களிடம்கூட அப்படியொரு நடை இல்லை. பக்கத்துத் தெருக் கார்த்திக்கும் நானும் அதைப் பழகினோம். கார்த்திக்கின் குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. அவன் எதையும் கணக்குப் பாடம் போலச் செய்வான். வேலியோரம் நின்று சித்தப்பாவைக் கவனித்துவிட்டு, "ரைட் கால் வைக்கும்போது ரெண்டு எண்ணணும்டா" என்று கண்டுபிடித்தவன் அவன்தான். ஒரு பருவத்துக்குள் எங்கள் வகுப்பில் ஏழெட்டுப் பேர் அப்படி நடந்தார்கள். பிள்ளைகளின் காலுக்கு என்ன வருத்தம் என்று டீச்சர் வீட்டுக்குப் போன் செய்து கேட்டார்.

ஒருநாள் சித்தப்பா வேலைக்குப் போனபின் அந்தச் சப்பாத்துகளைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தேன். இடது கால் உள்ளே கப்பல்போல் மிதந்தது. வலது கால் போகவில்லை. முன்பக்கம் ஒரு காலுறை சுருட்டித் திணித்திருந்தது. ரகசியம் கிடைத்துவிட்டது என்று குதித்தேன். அன்று மாலையே கார்த்திக்கும் நானும் எங்கள் வலது சப்பாத்துக்குள் காலுறை திணித்தோம். நகம் கறுத்தது. ஸ்டைலுக்கு வலி உண்டு என்று பொறுத்துக்கொண்டோம்.

அந்த வருடம் பெரிய வியாழன் வந்தது. எங்கள் தமிழ்ப் பூசையில், இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன் கதிரைகளில் இருத்துவார்கள். ஒவ்வொருவரும் வலது காலை நீட்ட, ஃபாதர் முழந்தாளிட்டுக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அன்றைக்குப் பதினொரு பேர்தான் இருந்தார்கள். ஒரு அங்கிளின் ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. ஃபாதர் வாங்குகளில் இருந்தவர்களைப் பார்த்து, "ஒராள் வாங்கோ" என்றார்.

நான் எழும்பி நின்றேன். சித்தப்பா முதன்முறையாக அந்தச் சப்பாத்தைக் கோயிலுக்குப் போட்டு வந்திருந்தார். முழு மெல்பேர்ன் தமிழரும் அதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

"ஃபாதர், எங்கட சித்தப்பா வருவார்."

எல்லாத் தலையும் திரும்பியது. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. அதில் கோபம் இல்லை. வகுப்பில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னால், ஓட்டைக் காலுறை போட்டு வந்த பிள்ளை முழிக்கும் முழி அது. தண்ணீர் தெறித்துச் சப்பாத்து பழுதாகும் என்று பயப்படுகிறார் என நான் நினைத்தேன்.

அதற்குள் அப்பா அவசரமாக எழும்பிவிட்டார். "நான் வாறன் ஃபாதர்." தன்னுடைய தேய்ந்த வேலைச் சப்பாத்தைக் காட்டப்போகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சித்தப்பா அப்பாவின் தோளைத் தொட்டு இருத்திவிட்டு, அதே நடையில், அதே தாளத்தில் போய்க் கடைசிக் கதிரையில் உட்கார்ந்தார்.

பதினொரு வலது கால்கள் முடிந்தன. ஃபாதர் பன்னிரண்டாவது ஆளின் முன்னால் முழந்தாளிட்டார். சித்தப்பா குனிந்து லேஸை அவிழ்த்தார். இடது கால் லேஸை.

துவாய் பிடித்திருந்த அங்கிள் குனிந்து, "தம்பி, வலது" என்றது எனக்குக் கேட்டது. சித்தப்பா இடது சப்பாத்தையே கழற்றினார். ஃபாதர் அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தினார். இடது பாதத்தைக் கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார். மற்றவர்களைவிட நேரம் எடுத்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உலகம் முழுவதும் வலது காலை நீட்டும்போது இடது காலை நீட்ட என்ன துணிவு வேண்டும். வீட்டுக்குப் போகும் வழியில் காரில், "சித்தப்பா, செம ஸ்டைல்" என்றேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே என் தலையைத் தடவினார்.

அடுத்த வருடம் ஃபாதர் சிறுவர்களையும் இருத்தினார். நான் இடது காலை நீட்டினேன். பக்கத்தில் இருந்த ஆறு பெடியளும் என்னைப் பார்த்து இடதை நீட்டினார்கள். இப்போதும் எங்கள் பூசையில் பெடியள் அப்படித்தான் நீட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

போன மாதம் சித்தப்பாவுக்குக் குடல்வால் சத்திரசிகிச்சை. மாற்று உடுப்புக் கொண்டுபோனேன். நர்ஸ் போர்வையைச் சரிசெய்தபோது அவருடைய கால்கள் வெளியே தெரிந்தன. நாற்பது டிகிரி வெயிலிலும் வீட்டுக்குள் வெள்ளைக் காலுறையோடு திரிகிற மனிதரின் இரண்டு வெறுங்கால்களையும் அன்றுதான் பார்த்தேன். வலது காலில் பெருவிரலும் அடுத்த விரலும் இல்லை.

"என்ன பாக்கிறாய்? பன்னிரண்டு வயசில, செல் குண்டு விழுந்த அண்டைக்கு, மன்னாரில விட்டிட்டு வந்தனான்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"கொப்பர்தானே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்."

காலுறையைப் பற்றிக் கேட்டேன்.

"முன்பக்கம் வெறுமையா இருந்தா சப்பாத்து மடிஞ்சு கோடு விழுமெல்லோ. வடிவு கெட்டுப்போம்."

"அப்ப அந்த நடை?"

சித்தப்பா தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது ஸ்டைல் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நான் பிறகு அப்பிடியே விட்டிட்டன்."

ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் இருந்து இதையெல்லாம் கார்த்திக்குக்கு எழுதி அனுப்பினேன். அவன் இப்போது சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறான். கம்பனியில் பெரிய ஆள், டை கட்டுகிறான். ஒரு வரிப் பதில் வந்தது.

"டேய், நான் இன்னும் அப்படித்தான்டா நடக்குறேன்."