மலைக்குப் போகிற காருக்கு எந்த விளக்கு

புதுக் கார் வாங்கலாம் என்று வீட்டில் முடிவானபோது, நிறமும் கம்பெனியும் ஒரு மாலைக் காபி ஆறுவதற்குள் தீர்ந்துவிட்டன. முன்விளக்கு மட்டும் தீரவில்லை. ஆடியில் ஆரம்பித்த பேச்சு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகும் எங்கள் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.

காரணம் என் கணவர். கள்ளக்குறிச்சியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதி வீடுகளில் எரிவது அவர் கடை பல்புதான். எனவே விளக்கு என்று எது வந்தாலும் அது அவருடைய இலாகா. நான் கால்நடை மருத்துவர். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் வேலை. தினமும் காலையில் ஏறி, மாலையில் இறங்குகிறேன். ஏதாவது ஒரு மாடு கன்று போடச் சிரமப்பட்டால் இறங்கும்போது இருட்டிவிடும். அதாவது, காரை ஓட்டப்போவது நான். அவர் ஓட்டுவது கல்யாணம், காதுகுத்து, எப்போதாவது உளுந்தூர்பேட்டைக்குச் சரக்கு எடுக்க.

இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஷோரூமில் யாருக்கும் தெரியவில்லை.

முதல் நாள் போனபோது, விற்பனைக்காரர் அவரை உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்தார். என்னைப் பார்த்து, “மேடம், கலர்லாம் அந்தப் பக்கம் இருக்குது, பாருங்க” என்றார். நான் கலர் பார்க்க வரவில்லை என்றேன். அவர் சிரித்தார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி விளக்கங்களை ஆரம்பித்தார்.

அந்தக் காரில் மூன்று ரகம் உண்டு. கீழ் ரகத்தில் பழைய மாதிரி மஞ்சள் வெளிச்சம் தரும் ஹாலஜன் பல்பு. நடு ரகத்தில் எல்.இ.டி. மேல் ரகத்திலும் எல்.இ.டி.தான், ஆனால் முன்னால் ஒரு கண்ணாடிக் குமிழ் வைத்து வெளிச்சத்தைக் குவித்து அனுப்புகிற புரொஜெக்டர் வகை; பம்பருக்குக் கீழே பனி விளக்கும் உண்டு.

“ஃபுல் எல்.இ.டி. சார். போட்டா பகல் மாதிரி இருக்கும்” என்று சொல்லி விளக்கைப் போட்டுக் காட்டினார்.

“இப்பப் பகல்தானேங்க” என்றேன்.

நாலாபுறமும் கண்ணாடி. வெளியே நடு மத்தியான வெயில். உள்ளே கூரை முழுக்கக் குழல் விளக்கு. அந்த வெளிச்சத்தில் ஹெட்லைட் எரிகிறதா இல்லையா என்பதே குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. என் கணவர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, “சூப்பர்” என்றார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. சாப்பிடும்போது வீடியோ, படுக்கும்போது வீடியோ. யாரோ ஒருவர் ஏதோ ஒரு ஊரில், ஏரி மாதிரி அகலமான ரோட்டில், எதிரே ஒரு சைக்கிள்கூட வராத நேரத்தில் விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டுவார். “இங்க பாரு, இங்க பாரு, எவ்ளோ தூரம் அடிக்குது பாரு” என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

“அந்த ரோட்டுல ஆடு வருதா பாருங்க” என்பேன்.

“ஆடு எதுக்கு வரும்?”

“நம்ம ரோட்டுல வரும்.”

சொல்லிப் பார்த்தேன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கண்ணில் திடீரென்று வெளிச்சம் அடித்தால் ஓடாது, அப்படியே நிற்கும். கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது என் தொழில், எனக்குத் தெரியும். எவ்வளவு தூரம் அடிக்கிறது என்பதைவிட எங்கே அடிக்கிறது என்பதுதான் முக்கியம் என்றேன். அவர் கையமர்த்தினார். “நீ சும்மா இரும்மா. நான் லைட்டு விக்கிறவன். வெளிச்சம்னா ஜாஸ்தி இருக்கணும், அவ்ளோதான்.”

“நீங்க வூட்டுக்கு லைட்டு விக்கிறீங்க. மலைக்கு இல்ல.”

அதற்குப் பதிலாக, ஒரு மாலை நடு ரகக் காரைச் சோதனை ஓட்டத்துக்கென்று வாங்கிவந்து, எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டிம், பிரைட், டிம், பிரைட். சற்று நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் லுங்கியோடு வெளியே வந்து, கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, “இன்னாங்க, வூட்டு மேல சினிமா காட்றீங்களா?” என்று கேட்டார். என் கணவர் அவரையும் கூப்பிட்டுக் காருக்குள் உட்காரவைத்துக் காட்டினார். அவரும் “சூப்பர்” என்றார். சுவர் நகராது, மழையில் நனையாது, வளைவில் திரும்பாது. சுவரில் எந்த விளக்கும் சூப்பர்தான்.

நான் ஷோரூமுக்கே போன் போட்டேன். நான் இறங்குகிற நேரத்தில், நான் இறங்குகிற பாதையில், அந்தக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன்.

“மேடம், டெஸ்ட் டிரைவ் தியாகதுருகம் ரோட்டுலதான் குடுப்போம். அதுவும் வெயில் இருக்கும்போதே.”

“சாருக்கு மட்டும் சாயங்காலம் குடுத்தீங்களே? ஹெட்லைட்ட வெயில்ல பாத்து நான் இன்னா பண்றதுங்க?”

“சார் கிட்ட எல்லாம் எக்ஸ்பிளைன் பண்ணியாச்சு மேடம். சாரக் கேளுங்க.”

போனை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த ‘சாரை’ப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து அவரே ஷோரூமுக்குப் போன் போட்டுப் பேசினார். அவர் பேசியதும் அனுமதி கிடைத்துவிட்டது. நான் கேட்டபோது இல்லாத அனுமதி. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

குறித்த நாளில் அவரும் விற்பனைக்காரரும் மேல் ரகக் காரை எடுத்துக்கொண்டு மத்தியானமே வெள்ளிமலைக்கு வந்துவிட்டார்கள். நான் வேலையை முடித்துக்கொண்டு, எப்போதும் ஓட்டுகிற எங்கள் பழைய சின்னக் காரில் சேர்ந்துகொண்டேன். அதில் இருப்பது மஞ்சள் பல்பு, அதுவும் கண்ணாடி மங்கி. முன்னால் புதுசில் என் கணவர், பின்னால் பழசில் நான். பாதி வழியில் மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

மேலே மழை விட்டிருந்தது. வானம் சாம்பல் நிறத்துக்கு வந்தபோது கிளம்பினோம். முதல் சில வளைவுகளில் எனக்கே வாய் பிளந்தது என்று சொல்ல வேண்டும். அவர் கார் போட்ட வெளிச்சத்தில் ரோட்டோரத்து மரவள்ளிச் செடிகள் இலை இலையாகத் தெரிந்தன. பின்னால் வந்த என் மஞ்சள் வெளிச்சம், அதற்குப் பக்கத்தில், சாமி மாடத்து விளக்கு மாதிரி இருந்தது. சரி, இந்த மனிதர் சொன்னதுதான் நிஜமோ என்று நினைத்தேன்.

நினைத்து முடிப்பதற்குள் மேகம் இறங்கிவிட்டது.

மலையில் இது வழக்கம். பள்ளத்திலிருந்து புகை மாதிரி ஏறி, ரோட்டை மூடிக்கொள்ளும். முன்னால் போன காரின் வெள்ளை வெளிச்சம் அந்தப் பனியில் பட்டு அப்படியே திரும்பியது. சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே எழும்பியது போல. அவர் என்ன செய்திருப்பார் என்று பின்னாலிருந்தே எனக்குத் தெரிந்தது. பிரைட் போட்டார். சுவர் இன்னும் வெள்ளையானது. உடனே வளைவின் நடுவில், ரோட்டின் நடுவில், காரை நிறுத்திவிட்டார்.

நான் பிரேக்கை மிதித்தேன். என் கார் வழுக்கிக்கொண்டு போய் அவர் காரின் பின் பம்பருக்குக் கையளவு தள்ளி நின்றது. கீழேயிருந்து பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே ஏறிவரும் சத்தம் கேட்டது.

இறங்கி ஓடினேன். கண்ணாடியைத் தட்டினேன். “ஓரமா எடுங்க! பஸ்ஸு வருது!”

“ஒண்ணுமே தெரியல!” என்றார்.

“பிரைட்ட அணைங்க மொதல்ல!”

“அணைச்சா இன்னும் தெரியாதும்மா!”

“அணைங்கன்றேன்!”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த விற்பனைக்காரர் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து கையை நீட்டி பிரைட்டை அணைத்து, கீழே இருந்த பனி விளக்கைப் போட்டேன். ரோட்டின் இடது ஓரக் கோடு கொஞ்சம் தெரிந்தது. அவர் காரை ஓரங்கட்டினார். நான் ஓடிப்போய் என் காரையும் ஒதுக்குவதற்கும் பஸ் வளைவில் திரும்புவதற்கும் சரியாக இருந்தது. டிரைவர் போகிற போக்கில் ஏதோ சொன்னார். கேட்காததே நல்லது.

மிச்ச மலையைப் புதுக் காரில் நான் இறங்கினேன். அவர் பழைய காரில் பின்னால் வந்தார். டிம்மில், பனி விளக்கோடு, ஓரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மாட்டுவண்டி வேகத்தில் வந்தால் வர முடிந்தது. அடிவாரத்து அணையைத் தாண்டிச் சமவெளிக்கு வந்ததும் வேறு தொல்லை. எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் என்னைப் பார்த்து பிரைட்டை அடித்து அடித்துக் காட்டியது. நான் டிம்மில்தான் வருகிறேன். ஆனால் ரோட்டுப் பள்ளத்தில் கார் ஏறி இறங்கும்போதெல்லாம் இந்த வெள்ளை வெளிச்சம் அவர்கள் கண்ணில் குத்துகிறது. அவர்கள் திட்டுகிறார்கள். நான் யாரைத் திட்டுவது?

கச்சிராயபாளையம் வருவதற்கு முன் கரும்பு டிராக்டர் ஒன்று. பின்னால் விளக்கு கிடையாது. புரொஜெக்டர் வெளிச்சம் கத்தியால் வெட்டினாற்போல் ஓர் உயரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே கும்மிருட்டு. டிரெய்லரின் சக்கரம் தெரிந்தது. சக்கரத்துக்கு மேலே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்த கரும்பு, கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. மஞ்சள் பல்பில் வெளிச்சம் சிதறிப்போகும், ஆனால் அந்தச் சிதறலில் இதெல்லாம் மங்கலாகவாவது தெரியும்.

கச்சிராயபாளையத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தினோம். டீ பாதி இறங்கிய பிறகு விற்பனைக்காரர் தயங்கித் தயங்கி, “மேடம்தான் டெய்லி ஓட்டுவாங்கன்னு எனக்குச் சொல்லவே இல்லீங்களே சார்” என்றார்.

நான் டம்ளரை வைத்தேன். “மூணு வாட்டி சொன்னேங்க.”

“சார் சொல்லலீங்களே மேடம்.”

என் கணவர் என்னிடம், “தெனமும் இப்படியா வர்ற?” என்று கேட்டார்.

“மழைக்காலத்துல இப்படித்தான்.”

“சொல்லவே இல்லியே.”

இத்தனை மாதமாக வேறென்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. டீக்கடையில் ஆட்கள் இருந்தார்கள். விட்டுவிட்டேன்.

விற்பனைக்காரரிடம் காரின் கையேட்டைக் கேட்டு வாங்கி, கடை வெளிச்சத்திலேயே புரட்டினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. அதைத் திருப்பினால் முன்விளக்கின் வெளிச்சம் இறங்கும், ஏறும். பின் சீட்டில் ஆள் நிறைந்து வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும்போது, எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் இருப்பதற்காக வைத்தது. “இது எதுக்குன்னு தெரியுமாங்க?” என்று விற்பனைக்காரரைக் கேட்டேன். ஏசி சம்பந்தப்பட்டது என்றார்.

கடைசியில் மேல் ரகம்தான் வாங்கினோம். அது நான் எடுத்த முடிவு. தெளிந்த நாளில் அந்த வெளிச்சத்துக்கு ஈடில்லை; பனி விளக்கு கீழே இருக்கிறது; வெளிச்சத்தைத் தாழ்த்த ஒரு சக்கரமும் இருக்கிறது. கரும்பு டிராக்டருக்கு எந்தக் காரிலும் மருந்து கிடையாது. பனி விளக்கை மஞ்சளாக மாற்றித் தர முடியுமா என்றதற்கு, வாரண்டி போய்விடும் என்றார்கள். என் கணவர் எங்கிருந்தோ மஞ்சள் ஒட்டுத்தாள் வாங்கிவந்து தானே ஒட்டினார். ஒட்டும்போது, நிறத்தால் பெரிய வித்தியாசம் வராது, பனியில் எல்லா நிறமும் ஒன்றுதான் என்று படித்ததாக ஒரு விரிவுரையும் நடத்தினார். எனக்குக் கண் கூசுவது கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கார் வந்த பிறகு, கார்த்திகையில் ஒரு மாலை, மேகம் இதுவரை நான் பார்க்காத அளவுக்கு இறங்கிவிட்டது. டிம், பிரைட், மஞ்சள் ஒட்டிய பனி விளக்கு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். கார் மூக்கே தெரியவில்லை. ரோடு கொஞ்சம் அகலமாகும் இடத்தில் ஒரு பெட்டிக்கடை உண்டு. அங்கே ஏற்கெனவே ஒரு ஜீப்பும் மரவள்ளி ஏற்றிய லாரியும் ஒதுங்கி நின்றிருந்தன. நானும் ஒதுக்கி நிறுத்தினேன். ஜீப் டிரைவர் பீடி குடித்துக்கொண்டே, “வெலகும்மா, கொஞ்ச நேரத்துல வெலகிடும்” என்றார். நான் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் காத்திருந்தோம்.

போன் அடித்தது.

“எங்க இருக்குற? பனி ஜாஸ்தியா? எந்த லைட்டு போட்டுக்கினு வர?”

“லைட்ட அணைச்சிட்டு நிக்கிறேன்.”

“அணைச்சிட்டியா? எதுக்கு அணைச்ச? மேல் ரகம் எதுக்கு வாங்குனோம்? கீழ லைட்ட போடு, அப்பறம் அந்தச் சக்கரத்த ரெண்டு திருப்பு திருப்பி…”

“ஏங்க, எல்லாரும் நிக்கிறாங்க. நானும் நிக்கிறேன். விலகினதும் வரேன். நீங்க ரவைய எடுத்து உப்புமா கிளறுங்க.”

“அது கிளறலாம். நீ எங்க நிக்கிற, ரோட்டு மேலயா?”

“ஓரமாதான்.”

“நாலு பக்கமும் மினுக்குற லைட்டாவது போட்டுக்கினு நில்லு. பின்னால வர்றவனுக்கு நீ நிக்கிறது எப்படித் தெரியும்?”

எரிச்சலோடுதான் போனை வைத்தேன். பிறகு எழுந்துபோய், அந்த விளக்கைப் போட்டேன். அது மட்டும் அவர் சொன்னது சரி.