பாட்டிலில் வெள்ளை உருண்டைகள்

வளைகுடாவில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்கிறேன். வாயுவோடு கலந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமிலம் அங்கே குழாய்களை அரித்துவிடும். அதை உறிஞ்சிக்கொள்ள ஒரு பெரிய கலனில் வெள்ளை உருண்டைகளை நிரப்பி வைத்திருப்போம். அவை உறிஞ்சித் தீர்ந்ததும் மாற்றுவது என் பொறுப்பு.

இந்த லீவுக்கு என் சொந்த ஊரான வீரசோழனுக்கு வந்தபோது, பெருமையடித்துக்கொள்ளப் புது உருண்டைகளை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, வந்தவர்களிடமெல்லாம் குலுக்கிக் காட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இதைத் தண்ணித் தொட்டியில போட்டா உப்பு போயிருமா? எங்க வீட்டுக்காரவுக கல்லடைப்புல துடிக்கிறாக."

"இல்லக்கா, தண்ணிக்கு இது ஆகாது. இரும்பு அரிக்காம இருக்கத்தான்."

"இரும்புக்கு இம்புட்டுப் பாக்குறாகளா!"

கிண்டல் இல்லை, நிஜமாகவே வியந்தார். என் கையிலோ, ஊரின் உப்புத் தண்ணீருக்குப் பயந்து காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீர். வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஊருக்கு வந்தால் எல்லோருக்கும் கொடுக்கிற கோடாலித் தைலத்தில் ஒன்றை அவர் கையில் திணித்தேன். அதோடு என் வாய் சும்மா இருந்ததா?

"வலிக்கும்போது தடவச் சொல்லுங்கக்கா" என்றேன்.