வேலை கிடைக்கும் முன்பே சொன்ன சாட்சி

இன்று காலை எங்கள் தெப்ரா சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம். ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் எழுந்து நின்றேன்.

கூட்டத்தை நடத்தும் அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சிருச்சாம்மா?”

“இன்னும் இல்லக்கா.”

என் கணவர் வேலை பார்த்த பாசிர் கூடாங் தொழிற்சாலையை மூடி மூன்று வாரம் ஆகிறது. கூட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

அக்கா என் கையைப் பிடித்தார். “அப்ப உட்காரும்மா. இது இப்போதைக்கு ஜெபக் குறிப்புதான் லா. வேலை கிடைச்சதும் சாட்சியா சொல்லலாம்.”

நான் உட்காரவில்லை.

“வேலை கிடைச்சா யாரு வேணும்னாலும் நிம்மதியா தூங்குவாங்கக்கா. நான் இப்பவே தூங்குறேன். எதையும் எழுதி வைக்கிற ஆளு நான். இருபத்தொரு ராத்திரியில ரெண்டுதான் அழுதுகிட்டு முழிச்சிருந்தேன். மத்த பத்தொன்பதும் ஜெபம் பண்ணிட்டுப் படுத்தேன், அலாரம் அடிச்சுதான் எழுந்தேன். இந்தச் சமாதானத்த ஆண்டவர் கொடுக்காம வேற யாரு கொடுத்தா? இது சாட்சி இல்லையா?”

பின்னால் இருந்த ஒரு சிஸ்டர், “அலமாக், எங்க வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூர்ல வேலை இருக்கு, எனக்குத் தூக்கம்தான் இல்ல!” என்றார். அக்காவும் சிரித்துவிட்டார்.

ஆனாலும் கூட்டம் முடிந்ததும் என் பெயரை ஜெபக் குறிப்பில்தான் எழுதினார்.

எழுதட்டும். என் கணவரின் வேலைக்காக எல்லோரும் ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். என்னைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ மட்டும் வேண்டாம்.

உங்கள் சபையில் எப்படி? பிரச்சினை தீர்ந்த பிறகுதான் எழுந்து நிற்க விடுவார்களா?