எட்டு முறை ‘சரிங்க’

நாமக்கல்லில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை திருத்துவது என் வேலை. அதனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. சுவரில் எது ஒட்டியிருந்தாலும் நின்று படிப்பேன். படித்தால் பிழை கண்டுபிடிப்பேன். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், ரேஷன் கடைச் சுவரில் அந்த அறிவிப்பை ஒட்டியபோதும் அப்படித்தான். ‘ஆட்சேபணை’ என்ற சொல்லை மூன்று இடத்தில் மூன்று விதமாக அடித்திருந்தார்கள். சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றையும் திருத்திவிட்டு, ரொம்பத் திருப்தியாக பஸ் ஏறினேன். அறிவிப்பு என்ன சொல்கிறது என்பது பஸ் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது.

ஊருக்கு நடுவில் போகும் சாலையை அகலப்படுத்தி, மத்தியில் தடுப்புச் சுவர் கட்டப் போகிறார்கள். வரைபடத்தை ஊராட்சி அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். எழுதித் தர விரும்புகிறவர்களுக்கு மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவருக்கு மூன்று மாடுகள். அதுதான் பிழைப்பு. காலையிலும் மாலையிலும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் இருக்கும் பால் சொசைட்டிக்குப் போவார். முழங்கால் வலி வேறு. மறுநாள் இருவரும் வரைபடத்தைப் பார்க்கப் போனோம். கிளார்க் அதை மேசைமேல் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைக்கு ஒரு ரிஜிஸ்தரை வைத்தார். தடுப்புச் சுவரில் கடந்து போக முதல் இடைவெளி கோழிப்பண்ணை வளைவில்தான் இருந்தது. வளைவு வரை போக ஒரு மைல், எதிர்ப்பக்கமாக சொசைட்டிக்குத் திரும்பி வர ஒரு மைல்.

“அப்ப மாட்டை வித்துப்போடோணுமுங்களா?” என்று கேட்டார் அக்கா.

“அதைக் கூட்டத்துல சொல்லுங்கம்மா,” என்றார் கிளார்க்.

கூட்டத்துக்கு வந்த பொறியாளர் தெற்கத்தி இளைஞர். நல்ல மனிதர். படம் போட்டுக் காட்டி, ஒவ்வொரு விஷயத்தையும் சொல்லி முடித்து எங்கள் முகத்தைப் பார்ப்பார். சுவர் வந்தால் விபத்து குறையும் என்றார். “சரிங்க,” என்றோம். இரண்டு பக்கமும் சாக்கடை கட்டுவோம் என்றார். “சரிங்க.” இடைவெளி கோழிப்பண்ணை வளைவில் என்றார். அதற்கும் “சரிங்க.” யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டபோது அக்கா என்னை இடித்தார், நான் அக்காவை இடித்தேன். அதற்குள் டீயும் போண்டாவும் வந்துவிட்டன. பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் மட்டும் எட்டு முறை சரிங்க சொல்லியிருக்கிறேன்.

நான்கு நாள் கழித்துக் கூட்டக் குறிப்பை அதே சுவரில் ஒட்டினார்கள். ‘திட்டத்தைப் பொதுமக்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்.’ ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். “நானெங்க அம்முணி ஒத்துக்கிட்டேன்?” என்று குதித்தார். “அந்தத் தம்பி தொண்டை வறளப் பேசறாரு. நம்ம காதுல உழுகுதுன்னு அவருக்குத் தெரியோணுமல்லோ? அதுக்குத்தான் சரிங்கன்னேன்.”

எங்கள் பக்கத்தில் அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கேட்டுக்கொண்டிருக்கிறோம், மேலே சொல்லுங்கள் என்று பொருள். பொறியாளர் ஊரில் சரி என்றால் சம்மதம். அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்லை வைத்தே சோறு தின்கிற நான் வாயை மூடிக்கொண்டு போண்டா தின்றதுதான் வெட்கக்கேடு.

மாதம் முடிய ஒன்பது நாள் பாக்கி இருந்தது. அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று மாடு, ஒரு கேன், ஒரு முழங்கால், சொசைட்டிக்கு எதிரே ஆள் கடக்கும் அளவுக்கு ஓர் இடைவெளி. அவ்வளவுதான் மனு. இரண்டு பிரதி எடுத்து, ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, ஒன்றில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை வாங்கிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து எங்கள் பிரதியைப் படித்தபோதுதான் பார்த்தேன். கைப்பழக்கத்தில் மேலே ‘அன்புடையீர்’ என்று தொடங்கி, அடியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு அக்காவைக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன். இரண்டு நாள் யாருக்கும் முகம் காட்டவில்லை.

அந்த நல்வரவு பலித்துவிட்டது. அடுத்த வாரம் மாலைப் பால் நேரத்தில் பொறியாளரே வந்து நின்றார், கையில் எங்கள் மனுவோடு. “கல்யாணம் யாருக்கு?” என்று சிரித்தார். அக்கா கேனோடு சாலையைக் கடக்கும் வரை கூடவே நடந்து, எங்கே நிற்கிறார், எங்கே தயங்குகிறார் என்று பார்த்தார். பிறகு, “பாதி தூரத்துல ஒரு இடைவெளி விடுறோம். அரை மைல்தான். போதுமாம்மா?” என்றார்.

அக்காவின் வாய் வழக்கம்போல ‘ச’ என்று திறந்தது. அவர் வாயை மூடி, கேனைத் தரையில் வைத்தார்.

“முடியாதுங்க. என்ற காலுக்கு ஆகாதுங்க. இங்கதானுங்க வேணும்.”

வெளியாளிடம் அவர் முடியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. முகமெல்லாம் சிவந்துவிட்டது. அடுத்த நொடியே, “ஒரு சொம்பு மோர் குடிக்கறீங்களா தம்பி?” என்றார். அவரும் மறுக்காமல் குடித்தார்.

திருத்திய வரைபடம் வந்ததாகக் கேள்விப்பட்டு, அலுவலகம் திறப்பதற்குள் போய் நின்றோம். கிளார்க் விரித்தார். சொசைட்டிக்கு நேர் எதிரே, சுவரின் கோட்டில் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பொதுமக்கள் கோரிக்கையின்படி’ என்று இருந்தது. சத்தமாகப் படித்தேன்.

“பொதுமக்கள்னா யாரு அம்முணி?”

“நீங்கதானுங்க்கா. வேற யாரும் எழுதித் தரலையே.”

“நானொருத்தியேவா?” அந்த இடத்தில் விரலை வைத்து, சிறிது நேரம் எடுக்கவே இல்லை. பிறகு கிளார்க் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க, வேற ஏதாச்சும் படம் இருந்தா அதையும் விரியுங்க, பாக்கலாம்.”